அல்லிக் குளத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தால் தண்ணீர் ஏன் தண்ணீராகத் தெரிவதில்லை?

பூவும் இலையும் ஓரளவு வந்துவிடுகின்றன, தண்ணீர் மட்டும் நீலச் சுவர் போல நிற்கிறது, பிம்பத்தை எப்படி வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சுவரை நானும் எழுப்பியிருக்கிறேன். என் முதல் அல்லிக் குளத்தைப் பார்த்த நண்பர், "சுவத்துல தட்டு மாட்டி வச்ச மாதிரி இருக்கே" என்றார். கோபம் வந்தது. ஆனால் மனிதர் சரியாகத்தான் சொன்னார்.

நான் செய்த தப்பு இதுதான்: பூக்களை ஆசை ஆசையாக முதலில் வரைந்துவிட்டு, மிச்சமிருந்த சந்துகளில் நீலத்தை அடைத்தேன். தண்ணீருக்கு என்று ஒரு நிறம் இருப்பதாக நினைத்ததால் வந்த வினை. குளத்தின் மேற்பரப்பில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வானத்தையும் மரத்தையும். தண்ணீர் என்று தனியாக வரைய அங்கே அதிகம் எதுவும் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவை பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படங்கள். குளோத் மோனே 1883-இல் பிரான்சின் ஜிவெர்னி கிராமத்துக்குக் குடிபோனார். 1893-இல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, ஓடை நீரைத் திருப்பிக் குளம் வெட்டினார். வெளியூர்ச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், மனிதர் விடவில்லை. குளத்தைச் சுத்தமாக வைத்திருக்க ஒரு தோட்டக்காரரையே வைத்திருந்தார். பிம்பம் கெடக்கூடாதே!

1899-இல் அவர் வரைந்த குளத்தில் மேலே வளைந்த பாலம், சுற்றிலும் செடிகொடி, கீழே அல்லி. கண் நிற்க ஒரு கரை இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் பாலம் போய்விடுகிறது, கரையும் போய்விடுகிறது. கேன்வாஸ் முழுக்கத் தண்ணீர்தான். வானம் படத்தில் இருக்கிறது, ஆனால் தலைகீழாக, நீருக்குள். 1907-இல் வரைந்த சில படங்களில் இருபுறமும் மரங்களின் இருட்டு, நடுவே வானத்தின் வெளிச்சம் மேலிருந்து கீழ்வரை ஓடை மாதிரி இறங்குகிறது. அதன்மேல் அல்லி இலைகள் படுக்கையாக மிதக்கின்றன.

அந்தப் படுக்கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிம்பம் செங்குத்தாக இறங்கும், இலைகள் கிடையாகக் கிடக்கும். வெறும் பிம்பத்தை மட்டும் வரைந்தால் அது தலைகீழான மரப்படம், அவ்வளவுதான். நாலு இலையை மேலே போட்டதும் சட்டென்று அங்கே ஒரு பரப்பு வந்துவிடுகிறது. அல்லிகள் அலங்காரத்துக்கு இல்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதே அவைதான்.

அதனால் இலையின் வடிவத்தில் கவனம் வேண்டும். காலடியில் இருக்கும் இலை அகலமான நீள்வட்டம். தள்ளிப் போகப் போக அது தட்டையாகும், தூரத்தில் வெறும் கோடு. என் தட்டுகள் எல்லாம் ஒரே அளவு வட்டமாக இருந்தன, பிறகு எப்படி மிதக்கும்? இன்னொன்று, அல்லி இலையில் காம்பு சேரும் இடம் வரை ஒரு வெட்டு உண்டு. தாமரை இலையில் அது கிடையாது, அது தண்ணீருக்கு மேலே எழும்பியும் நிற்கும். இரண்டையும் கலந்து வரைந்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பிம்பத்துக்கு வருவோம். கரையில் உள்ளதை அப்படியே கவிழ்த்துப் போட்டால் பிம்பம் ஆகாது. உங்கள் கண் தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு கீழே இன்னொரு கண் இருந்து அண்ணாந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெரிவதுதான் பிம்பத்தில் வரும். பாலத்தின் மேல்பக்கம் உங்களுக்குத் தெரிந்தாலும் பிம்பத்தில் அடிப்பக்கம்தான் தெரியும். எந்தப் பொருளின் பிம்பமும் அதற்கு நேர் கீழேதான் விழும், வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. நிழல்தான் சாயும். நான் வெகுநாள் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

வெளிச்ச அளவும் மாறும். இருண்ட மரம் நீரில் கொஞ்சம் வெளுக்கும், வெளிறிய வானம் நீரில் கொஞ்சம் கறுக்கும். தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் திரும்பி வருகிறது. சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது வெகுவாகக் கூடும். ஆகவே காலடி நீரில் குளத்தின் உள்ளே தெரியும், பழுப்பும் பச்சையுமாக. தூரத்து நீரில் வானம் மட்டுமே. ஒரே நீலத்தை மேலிருந்து கீழ்வரை பூசினால் சுவர் எழும்பத்தான் செய்யும்.

இனி வண்ணத்துக்கு. எண்ணெய் வண்ணம் இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. அதற்கு நாள்கணக்காகும். அந்த ஈரம்தான் நமக்கு வேண்டும். முதலில் முழுக் குளத்தையும் பிம்பமாகவே வரையுங்கள், ஓர் இலைகூட வேண்டாம். டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சில் இருட்டு, அதன்மேல் வானத்தின் வெளிச்சம், எல்லாம் மேலிருந்து கீழாக இழுத்த வீச்சுகள். ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மெத்தென்ற பிரஷ்ஷால் நேராகக் கீழே ஒரு தடவை, பிறகு குறுக்கே பட்டும் படாமலும் ஒரு தடவை. குறுக்கே போகும்போது கை அழுந்தக்கூடாது. ஒருமுறை அழுத்திவிட்டேன், பச்சையும் சிவப்பும் கலந்து சேறாகிவிட்டது. பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

அப்புறம் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். அடிப்பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் இலைகள். இந்தப் பூச்சில் எண்ணெய் முன்னதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். கீழே எண்ணெய் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் பூசினால் நாளடைவில் வெடிப்பு விடும். இலையின் பச்சையைக் குழாயிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இலையில் நீலச் சாயல் ஏறியிருக்கும். பூ கடைசியில், கெட்டியாக, ஒரு பூவுக்கு ஏழெட்டு வீச்சுக்கு மேல் வேண்டாம். வெள்ளை அல்லியிலும் சுத்த வெள்ளை ஓரிரு இதழ் நுனியில்தான் இருக்கும். மற்ற இதழ்களில் நீலமும் மஞ்சளும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும்.

நிறையக் குழாய்கள் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. மோனே 1905-இல் தன் வண்ணங்கள் பற்றிக் கேட்டவருக்கு எழுதிய பதிலில் இருந்தவை ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் என்ற பளிச்சென்ற சிவப்பு, மேடர் என்ற ஆழ்ந்த சிவப்பு, கோபால்ட் நீலம், ஒரு பச்சை, அவ்வளவுதான். ஈய வெள்ளை நஞ்சு. அதற்குப் பதில் டைட்டானியம் வெள்ளை போதும்.

படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு வேலை செய்வேன்: கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன். பிம்பம் நேராகி மரமும் வானமும் நம்பும்படி தெரிய வேண்டும், இலைகள் மட்டும் அந்தரத்தில் சம்பந்தமில்லாமல் தொங்க வேண்டும். அப்படித் தெரிந்தால் தண்ணீர் வந்துவிட்டது. நண்பர் சிரித்த அந்த முதல் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. போன வாரம் அதையும் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் சுவரும் தட்டும்தான்.