வெயில் எங்கே விழுகிறது

அன்புள்ள ஐயா,

டச்சு ஓவியர் வெர்மீரின் டெல்ஃப்ட் நகரக் காட்சி ஓவியத்தைப் பல நாளாகத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனசு அடங்கிப்போகிறது. ஆனால் கருமேகம் 1654 வெடிவிபத்தின் துயரம், மின்னும் கோபுரம் தேசபக்தி என்று ஓவிய வகுப்பில் சொல்கிறார்கள். எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா? அசலைப் பார்க்க ஹேக் போய்த்தான் ஆகவேண்டுமா?

ஆர்., மாட்டுங்கா

அன்புள்ள ஆர்.,

முடிந்தால் போங்கள், அங்கே மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முடியாவிட்டால் குடி முழுகிவிடாது.

மழை பிடித்த இந்த வாரம் முழுக்க நானும் அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம். மனசு அடங்கியது என்று நீங்களே சொல்லிவிட்டு, அதை ஏன் வகுப்பில் கொண்டுபோய் அடகு வைக்கிறீர்கள்? வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததும், ஃபாப்ரீட்டியஸ் என்ற அருமையான ஓவியர் 32 வயதில் அதில் செத்ததும் உண்மை. ஆனால் வெடித்தது ஊரின் வடகிழக்கில்; வெர்மீர் பார்ப்பது தெற்கே நின்று, துறைக்கு இக்கரையிலிருந்து. ஆறேழு வருஷம் கழித்து வரைந்த படம், இடிந்த சுவர் ஒன்றுகூட அதில் இல்லை. கோபுரமா? அது நிற்கும் தேவாலயத்தில்தான் டச்சு விடுதலைப் போரின் தலைவர் ஆரஞ்சு வில்லியமின் கல்லறை இருக்கிறது, சரி, இருக்கட்டும்.

வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முன்னால் இருக்கும் மதில், வாசல்கள், ஏழு மணி தாண்டிய அந்தக் கடிகாரம், எல்லாம் மேக நிழலில். வெயிலோ இவற்றையெல்லாம் விட்டுவிட்டு உள்ளே, பின்னால், சில ஓட்டுக்கூரைகள் மேலும் கோபுரத்தின் மேலும் போய் விழுகிறது. பக்கத்தில் நிழல், தூரத்தில் வெளிச்சம். மாற்றிப்போட்டு யோசித்துப் பாருங்கள், முன்னால் வெயில், பின்னால் நிழல்: வெறும் வாழ்த்து அட்டை. மேகத்துக்கு அர்த்தம் தேடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். மழைக்காலத்து ஞாயிறு காலைகளில் என்னை மரைன் டிரைவுக்குக் கூட்டிப்போவார். எங்கள் தலைக்குமேல் மேகம் கவிந்து கடல் சாம்பலாகக் கிடக்கும். வளைகுடாவுக்கு அப்பால் மலபார் ஹில்மேல் மட்டும் சட்டென்று வெயில் அடிக்கும். "அங்க வெயிலடிக்கு, பாத்தியாலே" என்பார். அவ்வளவுதான். அந்தக் குரலில் பொறாமை இல்லை, ஏக்கம்கூட இல்லை, வெயில் நம் வீட்டுக்கே வந்த மாதிரி ஒரு சந்தோஷம். அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, ஃபோர்ட் நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியபோது இந்தப் படம் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாளை காலை மழை கொஞ்சம் விட்டால் மாட்டுங்கா ரோட்டில் ரயில் ஏறி சர்ச்கேட்டில் இறங்குங்கள். கடல் பக்கம் போய் நில்லுங்கள். வகுப்பு நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.