எழுதும் அம்மாவும் குணசாலியான ஸ்திரீயும்

கேள்வி: பாளையங்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு, மகளின் போன வருட நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில் எழுதுவேன். சபை மாத இதழில் இரண்டு கட்டுரை வந்திருக்கிறது. “அந்த நேரத்தில் முழங்காலில் நிற்கலாமே, குணசாலியான ஸ்திரீயைப் பற்றி வாசித்ததில்லையா?” என்கிறார் மாமியார். அவருக்குக் கண்புரை, நான்தான் வேதம் வாசித்துக் காட்டுகிறேன். சின்னவன் டெங்குவில் கிடந்தபோது ஜெபமே வரவில்லை என்று எழுதி, பயந்துபோய்க் கிழித்துவிட்டேன். நான் எழுதுவது தப்பா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, தப்பே இல்லை.

உங்கள் மாமியார் சொன்ன அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். வேதத்தில் நீதிமொழிகள் புத்தகம், 31-ம் அதிகாரம். பெரும்பாலும் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் பத்தாம் வசனத்திலிருந்துதான் அதை வாசிப்போம். அதனால் முதல் வசனம் பலர் காதில் விழுவதே இல்லை. ராஜாவாகிய லேமுவேலுக்கு அவன் தாய் போதித்த உபதேசம் என்றுதான் அந்த அதிகாரம் தொடங்குகிறது. ஒரு அம்மா மகனுக்குச் சொன்ன வார்த்தை வேதத்தில் வசனமாக நிற்கிறது. அப்புறம், 10 முதல் 31 வரையுள்ள 22 வசனங்களும் எபிரெய மொழியின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன, நம் பிள்ளைகள் சொல்லும் ஆத்திசூடி அ, ஆ, இ என்று போவதைப் போல. யாரோ எழுத்தெண்ணி உட்கார்ந்து கட்டிய பாட்டு அது.

அந்தப் பெண் இருட்டோடே எழுந்திருக்கிறாள், சரி. அதே வசனத்தில் ‘தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்’ என்றும் இருக்கிறதே! அவளுக்குக் கைகொடுக்க ஆள் இருந்தது. அத்தனை பாத்திரத்தையும் ஒற்றை ஆளாகக் கழுவும் உங்களை அவளோடு நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை.

ஜெபத்தை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்லவில்லை. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கிரைண்டரில் உளுந்து அரைபடும் அரை மணி நேரம்தான் எனக்கென்று கிடைத்தது. இடது கையால் மாவைத் தள்ளிவிட்டு வலது கையால் எழுதுவேன். அந்த நோட்டின் ஓரங்களில் இன்னும் மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது. முழங்காலில் நின்றால் மனசு ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் ஓடும். எழுதும்போது மட்டும் ஓரிடத்தில் நிற்கும். ஆண்டவரிடம் நான் ஒளிக்காமல் பேசியது அந்தத் தாள்களில்தான்.

நீங்கள் கிழித்த பக்கத்தை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று தொடங்குகிறது 13-ம் சங்கீதம். தாவீது அதைக் கிழித்துப் போட்டிருந்தால், பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும் ராத்திரியில் நாம் எதைப் பிடித்துக்கொண்டு அழுவோம்? அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை கேட்டு வராந்தாவில் நின்றது, உதடு அசைந்தும் வார்த்தை வராதது, எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியில் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லும் ஒரு சாட்சியாக முடிக்க வேண்டுமே என்று அவசரப்பட்டு எதையும் ஒட்டவைக்க வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். என் மகனுக்கு இருட்டு என்றால் பயம். அதை ஒருமுறை சபை இதழில் எழுதிவிட்டேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்ய, இரண்டு நாள் அவன் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அவன் பயத்தை ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பற்றி எது எழுதினாலும் அவர்களிடம் முதலில் வாசித்துக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அது நோட்டோடு நின்றுவிடும். உங்கள் சின்னவனிடமும் கேளுங்கள்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் உங்கள் எழுத்தை வெறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஜெபம் குறைந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார். இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவருக்கு 31-ம் அதிகாரத்தையே வாசியுங்கள், முதல் வசனத்திலிருந்து.