காட்டுக்கு நடுவே ஒரு தலைநகரம்

கேள்வி: அலுவலக வேலையாகச் சத்தீஸ்கரில் உள்ள ஜகதல்பூருக்குப் போகிறேன். நக்சல் செய்திகளில் மட்டுமே கேள்விப்பட்ட ஊர். காட்டு ஜனங்கள் வாழும் இடத்துக்கு வரலாறு என்று என்ன இருந்துவிடப் போகிறது?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் கடைசி வரி எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்கு நம் கல்வெட்டுகளே பதில் சொல்கின்றன. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் சக்கரக்கோட்டம், ஜகதல்பூரைச் சுற்றியுள்ள பஸ்தர் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. முதலாம் குலோத்துங்கனும் அங்கே ஆண்ட நாக அரசன் தாராவர்ஷனிடம் திறை கொண்டதைச் சொல்லிக்கொள்கிறான். வென்றதைப் பெருமையாகக் கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்குப் பெரிய நாடாக அது இருந்திருக்கிறது.

அந்த நாக அரசர்களுக்குப் பிறகு வாரங்கல் காகதீயர் வழி வந்தவர்கள் ஆண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் தல்பத் தேவ் தலைநகரை ஜகதல்பூருக்குக் கொண்டுவந்தார். ஊரில் உள்ள தல்பத் சாகர் ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, அரசர்களை விடுங்கள். அங்கே 75 நாள் தசரா நடக்கிறது. ராவணனை எரிக்கும் வழக்கமே கிடையாது. எல்லாம் தந்தேஸ்வரி அம்மனுக்காக. மரம் வெட்டுவது, தேர் செய்வது, வடம் திரிப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் உரிமையுள்ள கிராமங்கள் உண்டு. விஜயதசமி இரவில் பழங்குடி மக்கள் தேரைத் திருடிக்கொண்டு கும்டாகோட் காட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் ராஜ குடும்பத்து வாரிசு அங்கே போய், அவர்களோடு உட்கார்ந்து புது அரிசிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் தேர் திரும்பும். ராஜா யாரை நம்பி ராஜாவாக இருந்தார் என்பதை வருஷா வருஷம் அந்த ஊர் இப்படி நினைவுபடுத்துகிறது.

நீங்கள் காட்டு ஜனங்கள் என்று சொன்னவர்கள்தான் 1910இல் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்தார்கள். காட்டில் மூன்றில் இரண்டு பங்கைக் காப்புக்காடாக ஒதுக்கி, வேட்டையையும் காட்டெரிப்பு விவசாயத்தையும் நிறுத்தத் திட்டம் போட்டிருந்தது அரசு. மாங்கிளை, மண்கட்டி, மிளகாய், அம்பு ஊர் ஊராகப் போயின, அதுதான் அழைப்பு. பூம்கால் என்று பெயர் பெற்ற அந்தக் கிளர்ச்சியை அடக்க மூன்று மாதம் ஆனது. நேத்தனார் கிராமத்துக் குண்டா தூர் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. ஒதுக்கவிருந்த காட்டின் பரப்பும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கே ரத்தம் சிந்தியது. 1966 மார்ச் 25 அன்று, பழங்குடிகளின் உரிமைக்காகப் பேசிய முன்னாள் மகாராஜா பிரவீர் சந்திர பஞ்ச் தேவ், அந்த ஊர் அரண்மனையிலேயே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவரோடு பழங்குடியினர் பலரும் இறந்தார்கள். இன்றைய செய்திகளைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படியுங்கள்.

முடிந்தால் பயணத்தைத் தசரா சமயத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விஜயதசமி முடிந்து நடக்கும் முரியா தர்பாரில் கிராமத் தலைவர்கள் தங்கள் குறைகளை ஆட்சியாளர்களிடம் நேரில் சொல்வார்கள். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.