தொட்டியும் வியர்க்கும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு. நீராவிப்போக்கை அளக்க, மண் தொட்டியில் இருந்த செம்பருத்திச் செடியை எடுத்துக்கொண்டாள். தொட்டியின் வாயைப் பாலித்தீனால் மூடி, தண்டோடு சேர்த்துக் கட்டினாள். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் எடை போட்டதில் 140 கிராம் குறைந்திருந்தது. அவ்வளவும் இலை வழியாகப் போனதாக எழுதிவிட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இலை இவ்வளவு நீரை வெளியே விடுமா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரி,

விடும், அதற்கு மேலும் விடும். ஆனால் உங்கள் சந்தேகம் வீணில்லை. தொட்டியைப் பாருங்கள். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது, பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாவதால்தானே? உங்கள் தொட்டியும் அதே சுட்ட மண்தான். வாயைக் கட்டினாலும் சுவர் வழியே நீர் போய்க்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், 1724 ஜூலையில் மூன்றரை அடிச் சூரியகாந்தி ஒன்றை இப்படித்தான் எடை போட்டார். தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, இடுக்குகளைப் பூசி அடைத்தார். அடித்துளைகளுக்குத் தக்கை. தண்ணீர் ஊற்ற ஒரு கண்ணாடிக் குழாய். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: செடியை அடியோடு வெட்டி, வெட்டிய இடத்தைப் பூசிவிட்டு, வெறும் தொட்டியை எடை போட்டார். பகல் 12 மணி நேரத்தில் தொட்டி மட்டுமே 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் போல, இழந்தது. அதைக் கழித்த பிறகும் செடியின் பங்கு சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 570 கிராம். இலைகளையும் விடவில்லை. பறித்து, அளவுவாரியாகப் பிரித்து, கால் அங்குலக் கட்டம் போட்ட நூல் வலையை வைத்து அளந்தார்: 39 சதுர அடி.

உங்கள் மகள் செம்பருத்தியை வெட்ட வேண்டாம். அதே அளவுத் தொட்டியில் அதே ஈர மண்ணை நிரப்பி, செடி இல்லாமல் வாயை மட்டும் கட்டி, பக்கத்திலேயே வைக்கட்டும். அது இழந்ததை 140-இல் கழித்தால் மீதிதான் செடியினுடையது. இலைப் பரப்புக்கு வரைபடத்தாள் போதும்.

இரவிலும் எடை போடச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் வைத்து, பனி இறங்கிய காலையில் எடை கூடியிருந்தால் தவறென்று அடித்துவிட வேண்டாம். பனி அதிகமான இரவுகளில் ஹேல்ஸின் தொட்டியும் 2, 3 அவுன்ஸ் கூடியிருக்கிறது.