வரி போட்டா யாருக்கு வலி?

கேள்வி: சார், வெளிநாட்டு சாமானுக்கு ட்ரம்ப் வரி போட்டா அந்த நாட்டுக்காரன்தானே கட்டணும், அமெரிக்காவுக்கு என்ன நஷ்டம்?

பதில்: அங்கதாங்க சூட்சுமமே. வரியைக் கட்டுறது இறக்குமதி பண்ற அமெரிக்க கம்பெனி, அது நைசா விலையில ஏத்திடும். 2018ல வாஷிங் மெஷினுக்கு வரி போட்டாங்க, விலை சுமார் 12% ஏறுச்சு, வரியே இல்லாத, துணி காயவைக்கிற டிரையரும் ஜோடியா விக்கிற சாமான்ங்கிறதால கூடவே ஏறிடுச்சு, கொடுமைதான்! ஆனா ஓட்டுக் கணக்கு வேற. வரியால ஸ்டீல் ஆலையில கிடைச்ச வேலை கண்ணுக்குத் தெரியும், விலையேத்தம் நாடு முழுக்க சிதறிப்போகும். சீனாக்காரன் சும்மா இருப்பானா, பதிலுக்கு குறி பார்த்து அமெரிக்க சோயாபீன்ஸுக்கு 25% வரி போட்டான், அடி வாங்கினது ட்ரம்புக்கு ஓட்டு போட்ட விவசாயிங்க, கடைசியில அவங்களுக்கு அரசாங்கமே 2,000 கோடி டாலருக்கு மேல நிவாரணம் கொடுத்துச்சு.