லோடு கணக்கு சரியாக இருந்தால் போதாதா? பேரிங் ஆயுளுக்கு கிரீஸும் மேற்பரப்பு வழவழப்பும் அவ்வளவு முக்கியமா?

போதாது. கேட்லாக் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள், ஆயுள் தாராளமாக வந்திருக்கும், பேரிங் மட்டும் பாதியில் போயிருக்கும். இப்போது டீலர் மேல் சந்தேகம். சரியா?

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மெயின்டெனன்ஸில் இருந்தேன். ஒரு கன்வேயரின் ஹெட் புல்லியில் (பெல்ட்டின் முனையில் இருக்கும் உருளை) 22216 என்ற எண்ணுள்ள ரோலர் பேரிங், நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று. மெதுவாகச் சுற்றுவதற்கு என்ன கேடு வரும் என்பார்கள். ஆனால் அடிக்கடி போனது அதுதான். போலிச் சரக்கு என்று டீலரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள்.

கழற்றியதை டீசலில் கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ரோலர் ஓடும் தடம் பளபளவென்று இருக்க வேண்டும். இதில் மங்கி, சாம்பல் பூத்து, அங்கங்கே நுண்ணிய செதில் பெயர்ந்திருந்தது. சுமையால் களைத்துப் போகும் பேரிங்கில் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்புக்குக் கீழே தொடங்கும். இது மேலேயே தொடங்கியிருந்தது. எண்ணெய்ப் படலம் நிற்காமல் இரும்போடு இரும்பு உரசிய அடையாளம் அது.

அந்தப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. ரேஸ் (ரோலர் ஓடும் அந்தத் தடம்), ரோலர் இரண்டிலும் உள்ள மேடுபள்ளமும் கிட்டத்தட்ட அதே அளவில்தான். படலத்தின் தடிமனை இரண்டின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தால் வருவது லாம்ப்டா. 3-க்கு மேல் இருந்தால் மேடுகள் தொடாது. 1-க்குக் கீழே போனால் தொட்டுத் தேய்ந்துகொண்டே இருக்கும். சொரசொரப்பு நம் கையில் இல்லை, பேரிங்கோடு வருவது. ஆனால் சிமென்ட் தூசி உள்ளே போனால் ரேஸில் குழி விழுந்து விளிம்பு மேலெழும்பும். அது நாமே சேர்த்த சொரசொரப்பு.

படலத்தின் தடிமனை வேகமும் எண்ணெயின் பாகுத்தன்மையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வேகம் குறைந்தால் எண்ணெய் கெட்டியாக இருந்தாக வேண்டும். பேரிங் ஆயுள் கணக்குக்கான ஐஎஸ்ஓ 281 முறைப்படி போட்டால் அந்தப் புல்லிக்கு ஓடும் வெப்பநிலையில் சுமார் 94 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) தேவை. நாங்கள் அடித்ததோ பாகுத்தன்மை 100 உள்ள எண்ணெயில் செய்த சாதாரண லித்தியம் கிரீஸ். அந்த 100 என்பது 40 டிகிரியில். 60 டிகிரியில் 40 தேறினால் பெரிது. தேவையில் பாதிகூட இல்லை. அதே கிரீஸ் 1450 சுற்றில் ஓடும் மோட்டாரின் 6309 பேரிங்குக்குத் தாராளம், அங்கே 14 இருந்தாலே போதும். அதனால்தான் மோட்டார் நன்றாக ஓடியது, பழி பேரிங் மேல் விழுந்தது.

460 எண்ணெயில் செய்த ஈபி (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸுக்கு மாற்றினோம். அப்புறம் அந்தப் புல்லிக்கு அவசரமாக இன்டென்ட் போட்ட ஞாபகம் இல்லை. கூடவே சீலையும் மாற்றினோம், அதனால் எல்லாப் புகழும் கிரீஸுக்கே என்று சொல்ல மாட்டேன். அலைன்மென்ட் எங்கே, பேரிங்கை மாட்டும் முறை எங்கே என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: அவையும் முக்கியம்தான், கேள்வி அதைப் பற்றி இல்லை. இதைப் படித்துவிட்டு கெட்டி கிரீஸை மோட்டாரிலும் அடித்துவிடாதீர்கள், சூடேறிவிடும். முன்பு இருந்த கிரீஸோடு புதியது ஒத்துப்போகுமா என்றும் பாருங்கள்.

ஒரு வயிற்றெரிச்சல். இரண்டு வகை கிரீஸ் என்றால் இரண்டு கிரீஸ் கன் வேண்டும். அதற்கு அனுமதி வாங்க நான் நடந்த நடையில் அரியலூரிலிருந்து திருச்சிக்கே போயிருக்கலாம். விலை கூடின பேரிங்குக்கு மட்டும் ஒரே நாளில் கையெழுத்தானது. லூப்ரிகேஷன் டிரெய்னிங் என்று ஹோட்டலில் நடக்கும், ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் போய்ச் சான்றிதழோடு வருவார்கள். தினமும் கன்னைப் பிடிக்கும் கான்ட்ராக்ட் அண்ணனை ஒருமுறைகூட யாரும் கூப்பிட்டதில்லை. எந்தப் பாயிண்டில் எத்தனை முறை கன்னை அடிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டால், "நிப்பிள்ல வெளிய வர்ற வரைக்கும் அடிக்கச் சொல்லியிருக்காங்க சார்" என்பார்.

உங்கள் பேரிங் எண், வேகம், ஹவுசிங் சூடு, கிரீஸ் டின்னில் போட்டிருக்கும் எண்ணெய் பாகுத்தன்மை, நான்கையும் போடுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.