திருகாணியா, பசையா? வாசகர் கேள்வி பதில்

சூழலுக்குக் கேடில்லாத வடிவமைப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தொழில் செய்கிறவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், சும்மா கோபப்படுகிறவர்கள் என்று எல்லோருமே எழுதியிருக்கிறார்கள். நேராகப் போய்விடலாம்.

கேள்வி: சிறிய அளவில் சோப்பு தயாரித்து விற்கிறோம். பிளாஸ்டிக் டப்பாவை விட்டு அட்டைப் பெட்டிக்கு மாறி, அதன் மேல் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று அச்சிட்டோம். "எப்படி உகந்தது?" என்று ஒரு வாடிக்கையாளர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். என்ன சொல்வது? (சிறுதொழில் நடத்துபவர்)

முதலில் அவருக்கு நன்றி சொல்லிவிடுங்கள், பதில் அப்புறம். அமெரிக்காவின் இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்திடம் 1994-இல் வாடிக்கையாளர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சுற்றுச்சூழலுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விற்பனைப் பிரிவுக்குப் பதில் தெரியவில்லை. நிறுவனர் ரே ஆண்டர்சனுக்கும் "சட்டப்படி நடக்கிறோம்" என்பதைத் தாண்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோலியத்திலிருந்து வரும் நைலானை நம்பி ஓடிய தொழில் அது. அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்ட மனிதர், 2020-க்குள் தன் நிறுவனத்தால் சூழலுக்கு வரும் கேட்டைப் பூஜ்யமாக்குவது என்று இலக்கு வைத்து, 2011-இல் இறக்கும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். அதன் ஓரத்தைக் கையால் கிழித்துப் பாருங்கள். காகிதம் நார்நாராகக் கிழிந்தால் நல்லது. மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் இழுபட்டுக்கொண்டே வந்தால் அது பிளாஸ்டிக் லேமினேஷன், பளபளப்புக்காக அச்சகத்தில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். காகித ஆலையின் கூழ்த்தொட்டியில் காகிதம் கரையும், படலம் கரையாது. அப்படியென்றால் பிளாஸ்டிக்கை நீங்கள் விடவில்லை, காகிதத்தோடு ஒட்டிவைத்திருக்கிறீர்கள். தனி பிளாஸ்டிக் டப்பாவாக இருந்திருந்தால் அதையாவது தனியாக எடுத்துப் போட்டிருக்கலாம்.

படலம் இல்லையென்றால் அதையே எழுதுங்கள்: "இந்தப் பெட்டியில் பிளாஸ்டிக் படலம் இல்லை, பழைய காகிதத்தோடு போடலாம்." சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம். "உகந்தது" என்பதை யாரும் சோதிக்க முடியாது, அதனால்தான் எல்லோரும் அதை எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் 2020 ஆய்வில், பொருட்கள் மேல் இருந்த இப்படிப்பட்ட பசுமை வாசகங்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம், தெளிவில்லாதவை, தவறாக வழிநடத்துபவை அல்லது ஆதாரமில்லாதவை என்று தெரியவந்தது.

கேள்வி: துணிப்பைதான் நல்லது என்கிறார்கள், அதுவும் தப்பு என்கிறார்கள். எதைத்தான் நம்புவது? (குழம்பிப்போன வாசகி)

நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக டென்மார்க் அரசுக்காக 2018-இல் செய்த ஆய்வாக இருக்கும். பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் அது ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும் என்றது அந்த ஆய்வு. தண்ணீர், ஓசோன் என்று எல்லா அளவுகோல்களிலும் சமமாக வேண்டுமென்றால் 7,100 தடவை. இந்த இரண்டாவது எண்தான் தலைப்புச் செய்தியானது. அந்த ஆய்வு, தெருவிலும் கடலிலும் பறக்கும் பிளாஸ்டிக் குப்பையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை பலரும் சேர்த்துச் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள், அது எதனால் ஆனதாக இருந்தாலும். மாநாட்டுக்கு மாநாடு பெயர் அச்சிட்டுக் கொடுக்கும் புதுத் துணிப்பைகளை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் வடிவமைப்பு படிக்கும் மாணவி. எங்கள் வகுப்பில் மூங்கில், சணல், பழுப்பு நிறம் இருந்தால்தான் நீடித்த வடிவமைப்பு என்று மதிப்பெண் விழுகிறது. உண்மையில் அவ்வளவுதானா?

இல்லை. பழுப்பு நிறம் ஒரு நிறம், அவ்வளவுதான்!

இன்டர்ஃபேஸ் கதையை இங்கே தொடர்கிறேன், ஏனென்றால் நீங்கள் படிக்க வேண்டியது அதன் உள்ளே இருக்கிறது. அவர்கள் செய்வது சதுரம் சதுரமான தரைவிரிப்பு. ஒரு சதுரத்தில் கறை பட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்பதுதான் இதன் வசதியே. ஆனால் நடைமுறையில் புதுச் சதுரம் பளிச்சென்று தனியாகத் தெரியும். சாயம் ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் லேசாக மாறும், வடிவத்தின் திசையும் பொருந்தி வர வேண்டும், ஓரத்தில் வெட்டிய மிச்சம் வேறெங்கும் உதவாது. எனவே முன்னெச்சரிக்கையாக அதிகம் வாங்கி வைப்பார்கள், அதுவும் பிறகு குப்பைக்குப் போகும். வடிவமைப்பாளர்கள் காட்டுக்குள் போய்த் தரையைப் பார்த்தார்கள். சருகு, கூழாங்கல், காய்ந்த குச்சி. எந்த இரண்டு சாணும் ஒன்றுபோல் இல்லை, ஆனாலும் ஒரு கைப்பிடியை அள்ளி வேறிடத்தில் போட்டால் மாற்றம் தெரிவதில்லை. 2000-இல் வந்த 'என்ட்ரோபி' என்ற விரிப்பு அப்படிப் பிறந்தது. ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் வேறுபடும், எந்தத் திசையில் வைத்தாலும் பொருந்தும், வெவ்வேறு சாயத் தொகுதிகளைக் கலந்து போடலாம், ஒன்றை மாற்றினால் எது புதுசு என்று கண்டுபிடிக்க முடியாது. வீணாகும் மிச்சம் வெகுவாகக் குறைந்தது. நன்றாக விற்கவும் செய்தது.

பொருளின் பெயர் மாறவில்லை, நைலான் நைலானாகவே இருந்தது. மாறியது கோலம் மட்டும். குப்பை எங்கே உருவாகிறது என்று பார்த்து, அதற்குக் காரணமான முடிவை வரைபலகையிலேயே மாற்றினார்கள். அடுத்து பசை. சில ஆண்டுகளில் சதுரங்களைத் தரையோடு ஒட்டாமல், மூலையில் சின்ன ஒட்டுவில்லை வைத்து ஒன்றோடொன்று இணைக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள், பெயர்த்தெடுக்கும்போது தரையும் கெடாது, விரிப்பும் கெடாது.

உங்கள் ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த முறை மூங்கிலில் செய்யும்போது, அதை எந்தப் பிசினால் ஒட்டியிருக்கிறது, ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று நீங்களே கேட்டு, பதிலையும் ஒப்படைப்பில் எழுதிவிடுங்கள். அவரும் படிப்பார்.

கேள்வி: மறுசுழற்சி இருக்கிறதே, எதற்கு இவ்வளவு கவலை?

2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். இது ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்கு. இன்னொன்று சொல்கிறேன்: கறுப்பு பிளாஸ்டிக் உணவுத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பிரிக்கும் ஆலையில் எந்த பிளாஸ்டிக் எது என்று அகச்சிவப்பு ஒளி பாய்ச்சித்தான் இயந்திரம் கண்டுபிடிக்கிறது. கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது, இயந்திரத்துக்குத் தட்டே தெரியாது. தட்டு நல்ல பிளாஸ்டிக்தான், ஆனால் நிறம் தேர்ந்தெடுத்த அன்றைக்கே அதன் கதை முடிந்துவிட்டது.

கேள்வி: பொருள் நீண்ட நாள் உழைத்தால் யார் மறுபடி வாங்குவார்கள்? தொழில் எப்படி நடக்கும்? அறம் பேசுவது சுலபம். (வீட்டு உபயோகப் பொருள் உற்பத்தியில் இருப்பவர்)

நியாயமான கேள்வி, நூறு வருஷமாகக் கேட்கப்படும் கேள்வியும்கூட. 1924-இல் பெரிய பல்பு நிறுவனங்கள் எல்லாம் ஜெனீவாவில் கூடி 'ஃபீபஸ்' என்று ஒரு கூட்டணி அமைத்து, பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று முடிவு செய்தன. அதைவிட அதிக நேரம் எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம்! பொறியாளர்களை உட்காரவைத்து ஆயுளைக் குறைத்தார்கள். இதுவும் வடிவமைப்புதான்.

இதற்கு மாற்றாக எல்லோரும் சொல்லும் மந்திரம், "பொருளை விற்காதே, சேவையை விற்றுவிடு" என்பது. அது அவ்வளவு எளிதில்லை. இன்டர்ஃபேஸே 90-களில் தரைவிரிப்பை வாடகைக்கு விட்டுப் பார்த்தது: விரிப்பு எங்களுடையது, மாத வாடகை கொடுங்கள், பராமரித்து, தேய்ந்ததை மாற்றி, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று. கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் எடுபடவில்லை. வாங்கும் நிறுவனங்களில் விரிப்புச் செலவு ஒரு கணக்கில், துப்புரவுச் செலவு வேறொரு கணக்கில், இரண்டையும் பார்க்கிறவர்கள் வெவ்வேறு ஆட்கள். மொத்தமாக என்ன மிச்சம் என்று கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை, வாடகைத் தொகை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

உங்கள் தொழிற்சாலையிலும் இதேதான் நடக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். திருகாணி போட்டால் தொழிலாளிக்குச் சில நொடி அதிகம், பசை வைத்தால் மிச்சம். அந்த மிச்சம் உற்பத்திப் பிரிவின் கணக்கில் லாபமாகத் தெரியும். பின்னால் சர்வீஸ் சென்டரில் பிரிக்க முடியாமல் முழுப் பொருளையே மாற்றிக் கொடுக்கிறார்களே, அந்த நஷ்டம் வாரண்டி கணக்கில் போகும். வாரண்டி முடிந்த பிறகு வாடிக்கையாளர் தலையில். முடிவெடுக்கிறவர் கையைச் சுடாத செலவை எந்த முடிவும் கண்டுகொள்ளாது. எனவே முதல் வேலையாக அந்த இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதி, வடிவமைப்புக் கூட்டத்தில் வையுங்கள். அப்புறம் உதிரிபாகம் விற்பதை ஒரு வருமானமாகப் பாருங்கள். நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 2013-லிருந்து போன் விற்கிறது. பின்னால் வந்த பல மாடல்களில் பாட்டரியைக் கையாலேயே கழற்றலாம், திரையைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் மாற்றலாம், பாகங்களை அவர்களிடமே வாங்கலாம். பெரிய நிறுவனமில்லை, ஆனால் இன்னும் நடக்கிறது.

விருப்பம் இல்லாவிட்டாலும் சட்டம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், பாட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதத் திறன் காட்ட வேண்டும். ஏற்றுமதி செய்கிறவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இதற்கென்று தனிப் பாடம் இல்லை, நேரமும் இல்லை. போஸ்டர் வரையச் சொல்வதைத் தவிர என்ன செய்யலாம்? (ஆசிரியை)

போஸ்டரை விடுங்கள். ஒரு பழைய கணினி மவுஸைக் கொண்டு வாருங்கள், கம்பி வைத்தது, பாட்டரி இல்லாதது. பிரிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முதலில் திருகாணியைத் தேடுவார்கள், பல மவுஸ்களில் அது கண்ணில் படவே படாது. அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் சின்ன அட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அட்டையை நகத்தால் உரித்தால்தான் தெரியும், உரித்தால் அது மறுபடி சரியாக ஒட்டாது. உள்ளே போனால் கிளிக் செய்யும் குட்டி சுவிட்ச், விரல் நகம் அளவுகூட இருக்காது. பெரும்பாலும் கெட்டுப்போவது அதுதான், பலகையில் பற்றவைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். அதற்காகத்தான் முழு மவுஸும் குப்பைக்குப் போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. (பாட்டரி உள்ள சாதனங்கள், சுவரில் செருகும் சாதனங்கள் வேண்டாம். லித்தியம் பாட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும்.)

மதிப்பெண் போட ஒரு முறை வேண்டுமென்றால் பிரான்சிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி முதல் அங்கே போன், மடிக்கணினி போன்ற சில பொருட்களுக்குப் பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் ஒட்டி விற்க ஆரம்பித்தார்கள். விளக்கக் கையேடு கிடைக்கிறதா, பிரிக்க எளிதா, உதிரிபாகம் உண்டா, அதன் விலை என்ன, அந்தப் பொருளுக்கே உரிய இன்னொரு அம்சம் என்று ஐந்து தலைப்புகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாராளமாகச் செய்வார்கள், கணக்கும் வரும், அறிவியலும் வரும்.

கல்லூரியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வடிவமைப்பு மாணவர்களையும் மேலாண்மை மாணவர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். பசை வாங்கும் முடிவை எடுக்கப்போவது பிந்தியவர்கள்.

கேள்வி: இதெல்லாம் வசதியான நாடுகளின் விளையாட்டு இல்லையா?

கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கேரே, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் காண்டோ என்ற தன் ஊருக்கு 2001-இல் கட்டி முடித்த ஆரம்பப் பள்ளியைப் பாருங்கள். மின்விசிறி, ஏசி எதையும் நம்பாத கட்டடம். உள்ளூர்க் களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்த செங்கல் சுவர், மேலே துளைகளுள்ள செங்கல் கூரை, அதிலிருந்து இடைவெளி விட்டு உயரத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. தகரம் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடிச் சூட்டை வெளியே தள்ளும். ஊர்க்காரர்களே கட்டினார்கள், கட்டும்போதே வேலை கற்றுக்கொண்டார்கள். கேரேக்கு 2022-இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் ஒரு பொருளை இரண்டு தடவை வாங்க முடியாதவர், நீடித்த வடிவமைப்பு முதலில் தேவைப்படுவது அவருக்கு.

கேள்வி: எங்கள் கல்வி நிறுவனத்தில் பழைய வகுப்பறைக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் 'பசுமைக் கட்டடம்' கட்டலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. சரியான முடிவா? (நிர்வாகக் குழு உறுப்பினர்)

நின்றுகொண்டிருக்கும் தூண்களிலும் தளங்களிலும் சிமெண்டும் இரும்பும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. அவற்றைத் தயாரிக்க எரித்த எரிபொருளின் புகை போனது போனதுதான். இடித்தால் அதே செலவு இன்னொரு முறை. சோலார் பலகையும் மரக்கன்றும் வைத்து அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். பிரான்சில் போர்தோ நகரத்தில் 60-களில் கட்டிய மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். லக்காத்தோன், வசால் என்ற கட்டடக்கலைஞர்களும் சகாக்களும் அவற்றை இடிக்காமல், வெளிப்புறமாக 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடித் தாழ்வாரங்களைச் சேர்த்து அகலப்படுத்தினார்கள். வெளிச்சம் கூடியது, குளிர்காலச் சூடேற்றும் செலவு குறைந்தது, வேலை நடக்கும்போது குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

உங்கள் கட்டடத்தின் நிலைமை எனக்குத் தெரியாது, சில கட்டடங்களை இடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் புதுக் கட்டடத்துக்கு வரைபடம் கேட்பதற்கு முன்னால், அந்த ஒப்பந்தத்தில் லாபமில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டு, கான்கிரீட்டைச் சோதித்து அறிக்கை தரச் சொல்லுங்கள். "இடிக்கத்தான் வேண்டும்" என்றால் எந்தத் தூண், எந்தத் தளம், என்ன காரணம் என்று எழுத்தில் வாங்கிக் குழுவின் முன் வையுங்கள். பழுதுபார்த்து விரிவாக்க என்ன ஆகும் என்ற மதிப்பீடும் அதே கூட்டத்தில் இருக்கட்டும்.